சோளக் கடைத் தராசு

நாளை வெள்ளி, காலையில் எடை பார்ப்பார்கள்
கலங்கரை விளக்கத்தை ஒட்டிய பள்ளி மைதானத்தில்.
தராசு சோளக் கடைக்காரரிடம் இரவல்.
அரைக் கிலோ கூட்டித்தான் காட்டும்:
பதினாறு வருடமாய் அவரிடம் சோளம் வாங்கிக்
கெங்கே அவித்து விற்பவள் சொல்கிறேன்.

சனிக்கிழமை சுவரொட்டியில் நான்கு சண்டை.
உண்மையில் ஐந்து.
ஐந்தாவது ஆளுக்கு நேற்றுத்தான் போன் போயிற்று.
அவனைப் பிறகு பார்ப்போம்.

முதலில் இரண்டு பையன்கள், நான்கு சுற்று.
நீமாவிலிருந்து வருகிற இத்ரிசு இடக்கையன்.
எங்கள் அட்ஜெட்டே இதுவரை இடக்கையனைக்
கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறான்.
இரண்டாம் சுற்றைத் தாண்டாது.
பணம் கட்டினால் இத்ரிசு மேல் கட்டுங்கள்.
என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்,
புக்கோம் தெருவில் எனக்கு வியாபாரம் இருக்கிறது.

அடுத்து பெண்கள். டெடே ஒட்டூ,
வலை இழுக்கிற வீட்டுப் பெண்.
முகத்தைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள்.
எதிரி லோமேயிலிருந்து பஸ்ஸில் வருகிறாள்,
எல்லையில் நாலு மணி நேரம் நின்று, கால் வீங்கி.
புள்ளிக் கணக்கில் டெடே ஜெயிப்பாள்.
மூன்று நடுவர்களும் எந்தத் தெருக்காரர்கள் என்று
நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

மூன்றாவதில் இரண்டு தடியர்கள்.
கட்டிப்பிடித்துக்கொண்டே நிற்பார்கள்.
மூத்திரம் போக வேண்டியவர்கள் அப்போது போகலாம்.

பிறகு பட்டச் சண்டை, பன்னிரண்டு சுற்று.
ஒடோய் பார்க்க அழகன். ஆனால் இடதுகையை நீட்டினால்
வலது முழங்கை விலாவை விட்டு விலகும்,
கதவைச் சாத்த மறந்த வீடு மாதிரி.
குமாசிக்காரன் போஆட்டெங் அந்த வழியாகத்தான் வருவான்.
ஈரலில் வாங்கியவன் உடனே விழுவதில்லை.
ஒரு நொடி நிற்பான்.
கடன் கொடுத்தவன் வாசலில் கூப்பிட்டதுபோல முகம் மாறும்.
முழங்கால் மடிவது அப்புறம்.
ஒன்பதாம் சுற்று. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு விடிய நாலு மணிக்கு
அமெரிக்கப் பாலைவனத்து ஊரில் ஏதோ பெரிய சண்டையாம்,
போன் ரிப்பேர் கடையில் திரை கட்டுகிறார்கள்.
போவேன். விழித்திருந்தால்.

ஐந்தாவதா? அதுதான் லாரியே.
முப்பத்தொன்பது வயது. வென்றது பதினான்கு,
தோற்றது இருபத்தேழு,
கரண்டு போனதால் முடியாமல் நின்றது ஒன்று.
படகில் போகிறவன். செவ்வாய்க்கிழமை
எங்கள் கடலில் யாரும் வலை போடக் கூடாது,
அந்த ஒருநாள்தான் அவனுக்குப் பயிற்சி.
எதிரே லண்டனில் பிறந்த ஆஷிட்டே,
ஒன்பதுக்கு ஒன்பது,
தாத்தா ஊரில் பத்தாவதை வாங்க வருகிறான்.
வாங்க என்றுதான் சொன்னேன்.

விடிவதற்குள் மூன்று கிலோ குறைய வேண்டும் லாரியேக்கு.
சட்டைக்குள் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு ஓடியவன்
சாயங்காலம் என் பானை முன்னால் நின்றான்.
ஆவியை மூக்கால் இழுத்தான்.
“எத்தனை உருண்டை?” என்றேன்.
“சும்மா விலை கேட்க வந்தேன்” என்றான்,
பதினோரு வருடமாய் என்னிடம் கடன் சொல்லித் தின்கிறவன்.
பிறகு ஓடினான். சரக் சரக்கென்று
அந்தப் பை தெருமுனை வரை கேட்டது.

என் அட்டையில் அவன் வரி மட்டும் காலி.
இத்தனை பேருக்குச் சொன்னவள்
இவனுக்கும் சொல்லிவிடலாம்தான்.

சனி ராத்திரி இரண்டு உருண்டை தனியே எடுத்துவைப்பேன்,
பொரித்த மீனை முள் நீக்கி,
தக்காளியும் வெங்காயமும் மட்டும் அரைத்து.
மிளகாய் வேண்டாம்.
கிழிந்த உதட்டில் மிளகாய் பட்டால்
பெரிய ஆம்பிளையும் குதிப்பான், பார்த்திருக்கிறேன்.

ஒருவேளை அவன் வந்து உட்கார்ந்து
ஒரு கவளம் வாயில் போட்டு
“காரம் எங்கே?” என்று கத்தினால்,
மிளகாய் மூட்டை என் காலடியில்தான் இருக்கிறது.